ஆறு மீட்டர் ஆழம்

கடலில் இறங்குகிறவனுக்கு மூச்சுக்காற்று தீர்ந்துபோவதுதான் ஆபத்து என்று கரையில் இருப்பவர்கள் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இந்தியக் கடற்படையில் மருத்துவ உதவியாளனாகச் சேர்ந்து, மும்பை அஸ்வினி மருத்துவமனையில் நீரடி மருத்துவம் படித்து, 1990களில் கொச்சிக்கு மாற்றலாகிப் போன பிறகுதான் வேறொன்றைத் தினமும் பார்க்க நேர்ந்தது. மூச்சுப் பையில் ஆக்சிஜன் நிறைய இருக்கும்போதே, அந்த ஆக்சிஜனாலேயே ஒருவன் வலிப்பு கண்டு மூழ்கிப்போகலாம். கடற்படைக் கமாண்டோக்களுக்கு உயர்நிலை முக்குளிப்புப் பயிற்சி கொடுக்கும் இடத்தில் முதல் நாள் பாடமே இதுதான்.

எதிரிக் கப்பலின் அடியில் வெடிபொருளைப் பொருத்திவிட்டுத் திரும்ப வேண்டியவன் நீர்க்குமிழி விடக் கூடாது. சாதாரண முக்குளிப்பில் முதுகில் காற்று உருளை இருக்கும். வெளிவிடும் ஒவ்வொரு மூச்சும் குமிழியாகக் கிளம்பி, மேல்தளத்தில் நிற்கும் காவலனுக்கு இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கமாண்டோக்கள் நெஞ்சில் கட்டிக்கொள்வது வேறு வகைக் கருவி. ரீப்ரீதர் என்பார்கள். ஒரு சின்ன உருளையில் சுத்தமான ஆக்சிஜன், ஒரு ரப்பர் மூச்சுப் பை, சோடா லைம் என்ற வெள்ளை மணிகள் நிரப்பிய ஒரு டப்பா. விட்ட மூச்சு வெளியே போகாது. சோடா லைம் வழியாகச் சுற்றிவரும். அதிலுள்ள கரியமில வாயுவை மணிகள் உறிஞ்சிக்கொள்ளும். மிச்சம் பைக்குத் திரும்பும். குறைந்ததை உருளை ஈடுகட்டும். ஒரு குமிழிகூட மேலே வராமல் நீண்ட நேரம் நீந்தலாம்.

ஆனால் ஆழத்துக்குப் போக முடியாது. பத்து மீட்டர் இறங்கினால் உடம்பின் மீது இன்னொரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஆறு மீட்டரில் சுத்தமான ஆக்சிஜனின் அழுத்தம், நாம் தரையில் இருக்கும்போது காற்று முழுவதற்கும் உள்ள அழுத்தத்தைப்போல் 1.6 மடங்கு. அந்தக் கோட்டைத் தாண்டினால் மூளையும் நரம்பும் எப்போது கெட்டுப்போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பார்வை சுருங்கும், காதில் இரைச்சல் கேட்கும், குமட்டும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், உதடு துடிக்கும். இவற்றில் ஒன்றுமே இல்லாமல் நேராக வலிப்பும் வரலாம். பிரெஞ்சு உடலியலாளர் பால் பேர் 1878இலேயே இதை எழுதிவைத்தார்.

நாங்கள் இருந்த வில்லிங்டன் தீவே கடலடிச் சேற்றால் ஆனது. கொச்சித் துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது தோண்டியெடுத்த மண்ணைக் கொட்டி, ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலப் பொறியாளர் உருவாக்கிய நிலம் அது. காயலும் கடலும் கலக்கும் தண்ணீர். மழைக்காலத்தில் ஆறுகள் கொண்டுவந்து சேர்க்கும் செம்மண் கலங்கலில், நீட்டிய கை நம் கண்ணுக்கே தெரியாது. மலையாளத்தில் பாயல் எனப்படும் நீர்ச்செடிகள் கூட்டங்கூட்டமாக மிதந்து வரும். ஏற்ற வற்றம் மாறும்போது நீரோட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போகும். கண்ணாடிபோன்ற தண்ணீரில் பழகியவர்களுக்கு அந்த இடம் தண்டனையாகத் தோன்றும். என்னைக் கேட்டால் இந்தப் பயிற்சிக்கு அதைவிடப் பொருத்தமான தண்ணீர் இல்லை. துறைமுகங்கள் எல்லாம் இப்படித்தான் இருக்கின்றன; கமாண்டோவுக்கு வேலையும் துறைமுகத்தில்தான்.

மார்கோஸ் என்று இன்று எல்லோரும் அறிந்த படைப்பிரிவு 1987இல் தொடங்கியது. பெயர் அப்போது வேறு. கடற்படைக்குள்ளிருந்து தாமாக முன்வந்தவர்களை மட்டும் எடுப்பார்கள். தொடக்கத் தேர்வில் தூங்கவிடாமல், சேற்றில் தவழவைத்து, சுமையோடு ஓடவைத்து, குளிர்ந்த தண்ணீரில் கிடக்கவைத்துச் சோதிப்பார்கள். பெரும்பாலோர் அங்கேயே கழன்றுவிடுவார்கள். தாங்கியவர்கள் ஆக்ராவில் பாராசூட் பயிற்சி, கொச்சியில் முக்குளிப்பு என்று ஒவ்வோர் இடமாகப் போய்க் கற்றுக்கொண்டு வருவார்கள். முழுக் கமாண்டோவாக ஆவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும்.

எங்களிடம் வந்து சேரும் இளைஞர்களைப் பார்த்தாலே தெரியும்; ‘முடியாது’ என்ற சொல்லைத் தொலைத்துவிட்டு வந்திருப்பார்கள். காலில் கொப்புளம் உடைந்து சீழ் வைத்திருக்கும், காட்ட மாட்டார்கள். காய்ச்சல் அனலாகக் கொதிக்கும், கேட்டால் இல்லை என்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நிறுத்தியவன் வெளியேற்றப்பட்டான், நிறுத்தாதவன் தேறினான் என்பதைத்தான் அதுவரை அவர்கள் கண்டிருந்தார்கள்.

அப்படிப்பட்டவர்களை நிறுத்தப் பழக்குவதுதான் எங்கள் வேலை. இந்தப் பயிற்சியின் மிகக் கடினமான பகுதி எது என்று இன்றும் யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். தசையை வளர்ப்பது, நீந்தவைப்பது, இருட்டில் திசைகாட்டி பார்க்கவைப்பது எல்லாம் நாள்பட்ட பழக்கத்தில் வந்துவிடும். சாவைக் கண்டு பின்வாங்காதவனை, தன் உதடு துடிப்பதைக் கண்டு பின்வாங்கவைப்பது லேசில் வராது.

எங்கள் தலைமைப் பயிற்றுநர் மாஸ்டர் சீஃப் தரத்தில் இருந்தவர். ஹரியானாக்காரர், முக்குளிப்பிலேயே தலை நரைத்தவர். பயிற்சி பெறுபவர்களிடம் அவர் கத்தி நான் ஒருபோதும் கேட்டதில்லை. முதல் வகுப்பில் கருவியைக் கழற்றி மேசைமேல் பரப்பிவைத்து, ஒவ்வொரு பாகத்தையும் தொட்டுக் காட்டி, இது உன்னை எப்படிக் கொல்லும் என்று மட்டும் சொல்லிக்கொண்டே போவார். சோடா லைம் டப்பாவுக்குள் தண்ணீர் புகுந்தால் சுண்ணாம்புக் காரம் கரைந்து வாய்க்குள் வந்து நாக்கையும் தொண்டையையும் வெந்துபோகச் செய்யும். மணிகளைத் தளர்வாக நிரப்பினால் மூச்சு இடைவெளி வழியாகத் தப்பிப்போய், கரியமில வாயு சேர்ந்து தலைவலியும் மயக்கமும் வரும். இறங்கும் முன் நுரையீரலிலும் பையிலும் இருக்கும் சாதாரணக் காற்றை முழுக்க வெளியேற்றாமல் விட்டால் நைட்ரஜன் உள்ளேயே தங்கிவிடும். உடம்பு ஆக்சிஜனைத் தின்னத் தின்னப் பையில் நைட்ரஜன் மட்டும் மிஞ்சும். பை உப்பியே இருக்கும், மூச்சும் சுகமாக வந்து போகும், கரியமில வாயு சேராததால் திணறல் என்பதே இராது. அப்படியே நினைவு தப்பிவிடும்.

அந்தக் கடைசி ஆபத்தைத்தான் அவர் மிக அதிகமாக அஞ்சினார். காற்றை வெளியேற்றும் அந்தச் சில நிமிட வேலையை, கரையில் நின்றபடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, வாய்விட்டு எண்ணிச் செய்யவைப்பார். அவசரம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆக்சிஜன் நஞ்சு பற்றிய மருத்துவப் பாடத்தில் அதிகாரிக்கு உதவியாக நானும் நிற்பேன். பயிற்சி பெறுபவர்களின் முகம் மாறுவதைப் பார்ப்பதற்காகவே ஒரு பகுதிக்குக் காத்திருப்பேன். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படையில் கென்னத் டொனால்ட் என்ற மருத்துவர், தாமாக முன்வந்த முக்குளிப்பாளர்களை வைத்து 1942 முதல் சோதனைகள் நடத்தினார். எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் ஒருவன் தாங்குவான் என்று கண்டுபிடித்துவிட்டால் அட்டவணை போட்டுவிடலாம் என்பது நோக்கம். கிடைத்த விடை வேறு. ஆளுக்கு ஆள் தாங்கும் நேரம் மாறியது. அதுகூடப் பரவாயில்லை, ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் மாறியது. ஒரே மனிதரை மூன்று மாத காலம் 21 மீட்டர் அழுத்தத்தில் திரும்பத் திரும்பச் சோதித்தபோது, ஒரு நாள் 7 நிமிடத்தில் அறிகுறி வந்தது. இன்னொரு நாள் 148 நிமிடம் தாங்கினார். உடல் பலம், அனுபவம், மனத்திடம் எதுவும் இதை முன்கூட்டிச் சொல்லவில்லை.

இதைக் கேட்டதும் வகுப்பில் ஒரு சஞ்சலம் ஓடும். நேற்று தாங்கினேன் என்பது இன்றைக்குச் சாட்சியாகாது என்பதை அந்த வயதில் யாரும் எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை.

பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேனையும் அந்த வகுப்பில்தான் நான் முதலில் அறிந்தேன். 1939இல் லிவர்பூல் விரிகுடாவில் தீட்டிஸ் நீர்மூழ்கி மூழ்கி 99 பேர் இறந்ததை அடுத்து, அடைபட்ட இடத்தில் மனிதன் எப்படிச் சாகிறான் என்பதைத் தன் உடம்பின்மீதே சோதித்தவர் அவர். அழுத்தக் கூண்டுக்குள் ஆக்சிஜனால் வந்த வலிப்பு ஒன்றில் அவருடைய முதுகெலும்பு நொறுங்கியது. அந்த வலியைச் சுமந்துகொண்டே 1957இல் இந்தியாவுக்குக் குடிவந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் காலமானார். நம் மண்ணில் வாழ்ந்து மறைந்த ஒருவருடைய வேதனை அந்தக் கருவியின் விதிகளுக்குள் இருக்கிறது. நான் வகுப்பில் இதைச் சொல்லாமல் விட்டதேயில்லை.

பயிற்சி பெற்றவர்களில் குமரி மாவட்டத்துப் பையன் ஒருவன் இருந்தான். மீனவக் குடும்பம். மற்றவர்கள் முன்னால் என்னை மரியாதையாக ‘சார்’ என்பான். தனியாக இருக்கும்போது ‘அண்ணே’. நீச்சலில் அவனை அடிக்க அந்த அணியில் ஆளில்லை. ஒருநாள் அதிகாலை வழக்கமான உடல் பரிசோதனையில் அவன் குரல் மாறியிருந்தது.

“சளி பிடிச்சிருக்கா தம்பி?”

“ஒண்ணும் இல்லண்ணே. நேத்து மழையில நனைஞ்சது.”

“மூக்கைப் பிடிச்சு ஊது. காது திறக்குதா?”

“திறக்குது.”

“ரெண்டும்?”

பதில் வரவில்லை. விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். இடது செவிப்பறை சிவந்து உள்வாங்கியிருந்தது. சட்டைப் பையில் மூக்கு அடைப்புக்கு விடும் சொட்டு மருந்து இருந்தது. ஊருக்குப் போனபோது வாங்கி வைத்திருக்கிறான்.

“சொன்னா கோர்ஸ்லேருந்து தூக்கிருவாவண்ணே. நீங்க கண்டுக்காதீங்க. உங்க காலைப் பிடிக்கேன்.”

உட்காரவைத்துப் பேசினேன். அந்தச் சொட்டு மருந்து மூக்கைத் திறக்கும். இறங்கும்போது காதும் சமாளித்துக்கொள்ளும். அரை மணி நேரம் கழித்து தண்ணீருக்குள் இருக்கும்போதே மருந்தின் வீரியம் குறைந்தால், காதுக்குள்ளும் முக எலும்புப் பள்ளங்களுக்குள்ளும் காற்று அடைபட்டுவிடும். ஏறும்போது அந்தக் காற்று விரியும், வெளியேற வழியிருக்காது. ஏற முடியாத வலி. கீழேயும் இருக்க முடியாது. அவன் தனி ஆளும் அல்ல. ஜோடியைப் பிணைக்கும் கயிற்றின் மறுமுனையில் இன்னொருவன் இருக்கிறான். இருட்டில் இவன் வலியில் துடித்து ஆறு மீட்டருக்குக் கீழே நழுவினால் அவனும் சேர்ந்து இழுபடுவான்.

“நீ போய்ச் சொல்றியா, நான் சொல்லட்டுமா?” என்று மட்டும் கேட்டேன். நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் எழுந்து மாஸ்டர் சீஃபிடம் போனான். தூரத்தில் நின்று பார்த்தேன். விறைப்பாக நின்று ஏதோ சொன்னான். அவர் தலையசைத்தார். பலகையில் அவன் பெயருக்கு நேராக அன்றைக்கு நீரில் இறங்கத் தகுதியில்லை என்று எழுதிவிட்டு, பாதுகாப்புப் படகில் கயிறு பார்க்கும் வேலையைக் கொடுத்தார். அவ்வளவுதான். திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. சளி வடிந்த பிறகு மறுபடி இறங்கினான், பயிற்சியையும் முடித்தான்.

அந்தச் சாதாரணத்தன்மைதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. பாராட்டியிருந்தால் நின்றுவிடுவது ஏதோ வீரச்செயல் என்றாகியிருக்கும். திட்டியிருந்தால் அடுத்தவன் சொட்டு மருந்தை இன்னும் பத்திரமாக ஒளித்துவைப்பான். முக்குளிப்பதுபோலவே முக்குளிக்காமல் இருப்பதும் வேலையின் பகுதி என்று அந்த மனிதர் நினைத்தார். பல ஆண்டுகள் மருத்துவமனைகளில் இருந்த எனக்கு இதைப் புரிந்துகொண்ட தலைமைகள் மிகக் குறைவாகவே வாய்த்தன.

இரவுப் பயிற்சிகள்தான் கடைசிச் சோதனை. நங்கூரமிட்ட ஒரு படகை இலக்காக வைப்பார்கள். வெகுதூரத்தில் ஜோடி ஜோடியாக இறக்கிவிடுவார்கள். ஒருவன் கையில் பலகை இருக்கும்; அதில் திசைகாட்டி, ஆழமானி, கடிகாரம் மூன்றும் மங்கலான ஒளியில் தெரியும். எத்தனை முறை காலை உதைத்தால் எவ்வளவு தூரம் என்று முன்பே அளந்துவைத்திருப்பார்கள். அவன் உதையை எண்ணிக்கொண்டே திசையைப் பிடிப்பான். மற்றவன் ஜோடிக் கயிற்றைப் பிடித்தபடி ஆழத்தையும், தலைக்குமேல் என்ன இருக்கிறது என்பதையும், முன்னே போகிறவனையும் கவனிப்பான். பேச்சு கிடையாது. கயிற்றை இழுப்பதும் தளர்த்துவதுமே மொழி. இலக்குப் படகில் காவலுக்கு நிற்பவர்கள் விளக்கடித்துத் தேடுவார்கள். தலை நீருக்கு வெளியே தெரிந்தால் அந்த ஜோடி தோற்றது.

நான் ஜெமினி படகில் ஆக்சிஜன் முகமூடியோடும் மருந்துப் பெட்டியோடும் காத்திருப்பேன். ரப்பர் படகின் ஓரத்தில் அலை மோதும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இருக்காது. எங்கே இருக்கிறார்கள் என்று எங்களுக்கும் தெரியாது. அவ்வளவு நேர்த்தியாகச் செய்கிறார்கள் என்பதே எங்களுக்குக் கவலையாகவும் இருக்கும்.

ஒரு இரவு இலக்குக்கு மிக அருகில், விளக்கு வெளிச்சத்துக்குள்ளேயே, இரண்டு தலைகள் வெளியே வந்தன. காவலுக்கு நின்றவர்கள் கூச்சலிட்டுச் சிரித்தார்கள். நாங்கள் விரைந்து போனோம். பின்னால் வந்தவன் ராஜஸ்தான்காரன். கடற்படையில் சேர்ந்த பிறகே நீச்சல் கற்றவன், தேர்வுக் காலத்தில் விரலெலும்பு பிசகியும் வாய் திறக்காதவன் என்று அவனைப் பற்றிக் கதையே உண்டு. முன்னவனைப் பின்பக்கமாக அணைத்து, ஒரு கையால் வாய்க்குழாயை அவன் வாயோடு அழுத்திப் பிடித்து, எடைப்பட்டையைக் கழற்றிவிட்டிருந்தான். ஏறும்போது முன்னவனுடைய நெஞ்சை மெல்ல அழுத்தி மூச்சை வெளியேற்றியபடியே வந்திருக்கிறான். மூச்சை அடக்கிக்கொண்டு ஒன்றிரண்டு மீட்டர் ஏறினாலே நுரையீரல் கிழியலாம். வகுப்பில் கற்றதை ஒன்றுவிடாமல் செய்திருந்தான்.

முன்னவனைப் படகுக்கு இழுத்துப் போட்டோம். நினைவு இருந்தது. உதட்டோரத் தசை இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது. எங்கே இருக்கிறான் என்று சொல்லத் தடுமாறினான். சுத்த ஆக்சிஜனிலிருந்து சாதாரணக் காற்றுக்கு மாறும் நேரத்திலும் வலிப்பு வருவதுண்டு. அதனால் அவன் தலையை மடியில் பிடித்துக்கொண்டு கரைவரை கண்ணை எடுக்கவில்லை. வலிப்பு வரவில்லை.

கரையில் மாஸ்டர் சீஃப் ராஜஸ்தான்காரனைத் தனியே கூப்பிட்டு விசாரித்தார். கயிறு ஒழுங்கில்லாமல் இழுத்தது, அதனால் கிட்டே போய் முகத்தைத் தொட்டுப் பார்த்தேன், வாய்க்குழாயின் விளிம்பு நடுங்கியது, ஏறிவிட்டேன் என்றான். சந்தேகம் வந்ததற்கும் ஏறத் தொடங்கியதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று கேட்டார். நேரமே இல்லை என்றான். இலக்கு எவ்வளவு தூரத்தில் இருந்தது தெரியுமா என்றார். தெரியும், படகின் நிழலை உணர முடிந்தது என்றான். நோட்டை மூடிவிட்டு, அந்த ஜோடி அன்றைய பயிற்சியில் தேறியது என்று எல்லோருக்கும் கேட்க அறிவித்தார். சிரித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது. விரலெலும்பு பிசகியபோது வாய் திறக்காத பையன், அடுத்தவனுடைய உதடு நடுங்கியதும் கைக்கெட்டிய வெற்றியை விட்டுவிட்டு மேலே வந்துவிட்டான். அவனைக் கமாண்டோவாக்கியது எது என்று கேட்டால், அந்த இரண்டாவதைத்தான் சொல்வேன்.

இந்தத் தொழிலின் பழைய வரலாற்றைப் படித்தாலும் இதே கதை மறைந்து கிடப்பது தெரியும். 1941 டிசம்பர் 19 அதிகாலை அலெக்சாந்திரியா துறைமுகத்தில் ஆறே இத்தாலியர்கள் இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களைச் சிதைத்தார்கள். லூயிஜி துராந்த் தெ லா பென்னேயின் துணிச்சலை எல்லோரும் பேசுவார்கள். அவருடன் வந்த எமிலியோ பியாங்கி மூச்சுக்கருவி கோளாறால் மயங்கி மேலே மிதந்துபோனதையும், தெ லா பென்னே தன்னந்தனியாக, இருவரும் ஏறிவந்த வெடிகலத்தைச் சேற்றில் இழுத்துக்கொண்டு போக நேர்ந்ததையும் எங்கள் வகுப்பில் தனியாக எடுத்துப் பேசுவோம்.

நம் பக்கத்துக் கதை 1971 போர்க் காலத்தது. பிளாசிப் போர்க்களத்துக்கு அருகே பாகீரதி ஆற்றங்கரையில் வங்காள இளைஞர்களுக்கு இந்தியக் கடற்படை முக்குளிப்பாளர்கள் பயிற்சி கொடுத்தார்கள். ரீப்ரீதர் எதுவும் கிடையாது. காலில் துடுப்பு, இடுப்பில் கத்தி, நெஞ்சில் கட்டிய காந்த வெடி. அந்த எடைக்குப் பழக நெஞ்சில் செங்கல்லைக் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நீந்தினார்கள். தாக்கும் நாளைக் கல்கத்தா வானொலியில் ஒலிபரப்பான இரண்டு பாடல்கள் அறிவித்தன. ஆகஸ்ட் 15ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி சிட்டகாங், மோங்லா, சாந்த்பூர், நாராயண்கஞ்ச் நான்கிலும் ஒரே இரவில் கப்பல்கள் வெடித்தன. சிட்டகாங்கில் கரைவரை வந்து சேர்ந்த நாற்பது பேரில் ஒன்பது பேர் கடைசி நேரத்தில் மறுத்துவிட்டார்கள். 31 பேர் இறங்கி வேலையை முடித்தார்கள். அந்த ஒன்பது பேரைக் கோழைகள் என்று பயிற்சி பெறும் ஒருவன் சொன்னபோது மாஸ்டர் சீஃப் அவனை நிறுத்தினார். மனம் ஒப்பாமல் இறங்கி நடு ஆற்றில் திரும்பியிருந்தால் மற்ற 31 பேரும் பிடிபட்டிருப்பார்கள், கரையிலேயே சொன்னவன் அவர்களைக் காப்பாற்றினான் என்றார்.

மார்கோஸ் படைப்பிரிவின் முதல் பெரிய நடவடிக்கைகளில் ஒன்று 1987 அக்டோபரில் யாழ்ப்பாணக் கடல்நீரேரியில், குருநகர் துறையில் நடந்தது. லெப்டினன்ட் அரவிந்த் சிங்குக்கு அதற்காக மகாவீர் சக்கரம் கிடைத்தது. அவர்கள் நீந்திய தூரத்தையும் திறமையையும் வகுப்பில் பேசும்போது நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அதே அக்டோபரில் யாழ்ப்பாண மக்கள், ஆஸ்பத்திரிக்குள் இருந்தவர்கள்கூட, பட்ட துயரமும் என் மனத்தில் கூடவே வந்து நிற்கும். நான் பேசும் மொழியைப் பேசுகிறவர்களின் தண்ணீர் அது. சீருடைக்குள் இருந்த ஆண்டுகளில் அதை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே சொல்லாமல் தாண்டிப்போக மனம் வரவில்லை.

2024 மார்ச்சில் எம்.வி. ரூயன் என்ற சரக்குக் கப்பலைச் சோமாலியக் கடற்கொள்ளையரிடமிருந்து மீட்ட செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். நம் கரையிலிருந்து ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர் தொலைவில் விமானத்திலிருந்து மார்கோஸ் வீரர்கள் படகுகளோடு கடலில் குதித்தார்கள். 35 கொள்ளையர் சரணடைந்தார்கள், கப்பல் சிப்பந்திகள் 17 பேரும் உயிரோடு மீண்டார்கள். தெருவே அந்தக் குதிப்பைப் பற்றிப் பேசியது. ஏறக்குறைய 40 மணி நேரம் அந்தக் கப்பலைத் தொடர்ந்து, பேசிப் பணியவைத்து, பிணைக்கைதி ஒருவருக்கும் காயமில்லாமல் முடித்த அந்தப் பொறுமைதான் என்னை நெகிழவைத்தது. கொச்சியின் கலங்கல் தண்ணீரில் கற்றுக்கொடுத்த அடக்கம் அதில் இருந்தது.

ஓய்வு பெற்றுத் தூத்துக்குடிக்குத் திரும்பிய பிறகு அந்தப் பாடம் தேவைப்படுகிறவர்கள் என் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளியே இருப்பதைக் கண்டேன். சங்குகுளித் தொழிலாளிகள். அந்தக் காலத்தில் கல்லைக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் இறங்கினார்கள். இப்போது படகில் கம்ப்ரசர் ஓடுகிறது. அதிலிருந்து ஒரு நீளக் குழாய் போகிறது. குழாயின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு பத்துப் பாகத்தில், பதினெட்டு மீட்டர் ஆழத்தில், நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப இறங்குகிறார்கள். இவர்களுக்கு ஆபத்து ஆக்சிஜன் அல்ல, நைட்ரஜன். அழுத்தத்தில் உடம்புக்குள் கரைந்த நைட்ரஜன், அவசரமாக ஏறினால் மூட்டிலும் தண்டுவடத்திலும் குமிழியாகக் கிளம்பும். முன்பு சொன்ன ஹால்டேனின் தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன், ஆடுகளை வைத்துச் சோதித்து, படிப்படியாக ஏறும் முறையை 1908இலேயே வெளியிட்டுவிட்டார். பதினெட்டு மீட்டரில் மொத்தம் அறுபது நிமிடம் தாண்டினால் இடையில் நின்று நின்றுதான் ஏற வேண்டும் என்பது பழைய அமெரிக்கக் கடற்படை அட்டவணை. கொச்சியில் இது சுவரில் ஒட்டியிருக்கும். இங்கே தூத்துக்குடியின் திரேஸ்புரத்தில் ஒருவருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

தோள் வலிக்கிறது என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு மறுநாளும் இறங்குகிறார்கள். கால் மரத்துப்போய் நடக்க முடியாமல் வீட்டோடு கிடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வயது முப்பதுகூட ஆகாதவர்கள். கம்ப்ரசர் காற்றை இழுக்கும் வாய் டீசல் எஞ்சின் புகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தப் புகையும் குழாய் வழியே நெஞ்சுக்குள் போகிறது. நாட்டின் பணத்தில், பலருடைய உடம்பை வைத்துச் சேர்த்த அறிவு இது. அது கமாண்டோக்களோடு நின்றுபோவது எனக்குப் பொறுக்கவில்லை.

சாயங்காலங்களில் கரைக்குப் போய் உட்காருகிறேன். அட்டவணையைத் தமிழில், பாகக் கணக்கில் எழுதிக் கொடுக்கிறேன். புகைவாயைத் தள்ளி வைக்கச் சொல்கிறேன். வலி வந்தால் எண்ணெய் வேண்டாம், உடனே ஆக்சிஜன் கொடுக்கும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்கிறேன். இளைஞர்கள் புரிந்துகொள்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்வி வேறு: “இன்னைக்கு முடியலன்னு சம்மாட்டிகிட்ட சொன்னா நாளைக்குப் படகுல ஏத்துவாரா?” குமரிப் பையன் கேட்டதும் இதைத்தான். அங்கே பதில் சொல்ல ஒரு மாஸ்டர் சீஃப் இருந்தார். இங்கே சம்மாட்டிகளிடம், அதாவது படகு உரிமையாளர்களிடம், ஒவ்வொருவராகப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறேன். முடியவில்லை என்று சொன்னவனை அன்று படகில் கயிறு பார்க்கவைத்து, பங்கில் பாதியாவது கொடுக்க வேண்டும் என்று கேட்கிறேன். இதுவரை இரண்டு பேர் சம்மதித்திருக்கிறார்கள்.